பட்டமும் பணியும்: சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் கணிப்பொறிப் பயன்பாட்டியல் கல்வி

கல்வி ஒரு முதலீடு என்பது பொருளாதார நூல்களில் நெடுநாளாகக் கூறப்பட்டுவரும் உண்மையாகும். முதலீடு என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால், அதனுடன் வரும் இரண்டு வினாக்களையும் ஏற்றாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு யாது? அதன் பயன் எப்போது கிட்டும்? கணிப்பொறிப் பயன்பாட்டியல் கற்றுத் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணி பெற விரும்பும் மாணவர் எவராயினும் இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது.

கல்லூரிக் கட்டணம் மட்டுமே செலவு என்று கருதுவது பொருந்தாது. மூன்று ஆண்டுகள் படிக்கும் இளைஞர், அந்தக் காலத்தில் ஈட்டியிருக்கக் கூடிய ஊதியத்தையும் இழக்கின்றார். இதனை வாய்ப்புச் செலவு என்பர். பட்டம் பெற்ற பின்னரும் செலவு முடிந்துவிடுவதில்லை. ஹைதராபாத்தின் அமீர்பேட்டைக்கோ பெங்களூருக்கோ சென்று, விடுதியில் தங்கி, தனியார் பயிற்சி நிலையத்தில் மேலும் சில மாதங்கள் பயின்ற பிறகே வேலை தேடும் வழக்கம் ஆந்திர மாநிலத்தில் பரவியுள்ளது. ஒரே நோக்கத்திற்காக ஒரு குடும்பம் இரண்டு முறை முதலீடு செய்ய வேண்டியுள்ளது என்பதே இதன் பொருள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இரண்டாவது முதலீடு பெரும்பாலும் கடனாகவே அமைகிறது. வெளியூர் விடுதியில் தங்க வீட்டார் இசையாத பெண்களுக்கோ அந்த வாயில் திறப்பதே இல்லை.

இந்த இரண்டாவது செலவைப் பெருமளவு தவிர்க்க இயலும். அதற்கு வேண்டிய பயிற்சிக் களம் மாணவரின் ஊரிலேயே உள்ளது என்பதை சித்தூர், திருப்பதி மாவட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

நம் நாட்டில் கணிப்பொறிக் கல்வி தொடக்கத்தில் பொறியியல் நிலையங்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டது இத்துறையில் ஒரு மைல்கல். ஆயினும், வங்கி, இரயில்வே, காப்பீடு, அரசு அலுவலகம் ஆகியவற்றிற்குத் தேவைப்படும் ஆட்கள் அனைவரையும் பொறியியல் கல்லூரிகளால் மட்டும் உருவாக்க இயலாது என்பது 1980களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. மத்திய அரசின் மின்னணுவியல் துறை, பேராசிரியர் வி. இராஜாராமன் தலைமையில் அமைத்த மனிதவளக் குழு, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் சேரத்தக்க எம்.சி.ஏ. என்னும் முதுநிலைப் படிப்பைப் பரிந்துரைத்தது. நிறுவனம் ஒன்றின் நடைமுறையை அறிந்து, அதனைக் கணிப்பொறிக்கு ஏற்ற ஒழுங்கில் அமைக்க வல்ல ஆட்களை உருவாக்குவதே அதன் நோக்கம். ‘பயன்பாடு’ என்னும் சொல் அப்படிப்பின் பெயரில் இடம்பெற்றதற்குக் காரணமும் அதுவே.

கல்லூரிக்கு வெளியே பயில்வோருக்கு 1990ஆம் ஆண்டில் ‘டோயக்’ திட்டம் உருவாயிற்று. ‘ஓ’, ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்னும் நான்கு நிலைகளில் சான்றிதழ் வழங்கிய அவ்வமைப்பு, 2011 முதல் ‘நைலிட்’ என்னும் பெயரில் இயங்குகிறது.

அண்மைக் காலத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. மூன்றாண்டுப் படிப்பாக இருந்த எம்.சி.ஏ., 2020–21 கல்வியாண்டு முதல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. பி.சி.ஏ. போன்ற இளநிலைப் படிப்புகள் 2024–25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வரம்பிற்குள் கொண்டுவரப்பட்டன. முதல் மாற்றத்தின் விளைவு ஊன்றி நோக்கத்தக்கது. முன்பு எம்.சி.ஏ.யின் முதலாண்டில் கற்பிக்கப்பட்ட அடிப்படைகளை இன்று இளநிலைப் படிப்பிலேயே பெற்றாக வேண்டும். எனவே, இளநிலைக் கல்லூரியின் பொறுப்பு முன்னிலும் கூடியுள்ளது.

வட்டாரத்தின் இயல்பு

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் பகுதியாக உருவானது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் குப்பம், நகரி, சத்தியவேடு பகுதிகளில் தமிழ் பேசுவோர் பலர் வாழ்கின்றனர். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அமைந்திருப்பது இவ்வட்டாரத்தின் வலிமை. 2014ஆம் ஆண்டு மாநிலப் பிரிவினையின்போது, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் குவிந்திருந்த ஹைதராபாத் தெலங்கானாவுக்குச் சென்றது. அதன் பின்னர் இந்த இடவமைவின் முக்கியத்துவம் கூடியுள்ளது.

கல்வி நிலையங்களுக்கு இங்குக் குறைவில்லை. திருவேங்கடவன் பெயரால் அமைந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954லும், மகளிருக்கெனவே ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983லும் தோன்றின. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997லும், ஸ்ரீசிட்டியில் தகவல் தொழில்நுட்ப நிலையமான ஐ.ஐ.ஐ.டி. 2013லும், திருப்பதியில் ஐ.ஐ.டி. 2015லும் தொடங்கப்பட்டன. ஆயினும், இவ்வட்டாரத்து மாணவர்களுள் ஐ.ஐ.டி.யில் இடம் பெறுவோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல், பி.காம். கணிப்பொறிப் பயன்பாடு ஆகியவற்றை அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் படிப்பவர்கள். அவர்களே இக்கட்டுரைக்கு உரியோர்.

பயன்பாடு என்பது யாது?

மொழிகளின் பெயரைக் கற்பதே கணிப்பொறிக் கல்வி என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. இவ்வாண்டு ஒரு மொழிக்கும் அடுத்த ஆண்டு மற்றொரு கருவிக்கும் கூட்டம் சேருகிறது. ஒரு பணியைக் கூறுகளாகப் பிரித்து, விதிகளை வகுத்து, விதிவிலக்குகளை முன்னறிந்து, கணிப்பொறியிடம் ஒப்படைப்பதே பயன்பாட்டியல். மொழி அதற்குரிய கருவி மட்டுமே. இதனை விளக்க மூன்று களங்களைக் காண்போம். மூன்றும் இவ்வட்டாரத்திலேயே உள்ளவை.

முதற்களம்: பால் சேகரிப்பு நிலையம்

கறவை மாடு வளர்ப்பு சித்தூர் வட்டாரத்தின் முக்கிய வாழ்வாதாரங்களுள் ஒன்று. சேகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் எண், பாலின் அளவு, கொழுப்புச் சத்து, கொழுப்பல்லாத திடச்சத்து ஆகியவை பதிவாகின்றன. சத்தின் அளவுக்கேற்ப விலை அமைகிறது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பணம் வழங்கப்படுகிறது. பார்வைக்கு இது எளிய பெருக்கல் கணக்கே.

ஓர் எடுத்துக்காட்டு: உறுப்பினர் ஒருவர் நாள்தோறும் காலையில் 4.5 லிட்டர் பால் அளிக்கிறார். லிட்டருக்கு 38 ரூபாய் எனில் ஒரு வேளைக்கு 171 ரூபாய் சேரும். மாதத்தின் 16ஆம் நாள் விலை 40 ரூபாயாக உயர்கிறது என்க. நிரலில் ‘விலை’ என்னும் ஒரே ஓர் எண்ணை மட்டும் வைத்திருந்தால், அதனை மாற்றியவுடன் முதல் பதினைந்து நாள் கணக்கும் வேளைக்கு 180 ரூபாயாக மாறிவிடும். எனவே, எந்த விலை எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பதைத் தனி அட்டவணையாக வைக்க வேண்டும். தரவுத்தளப் பாடத்தில் கற்பிக்கப்படும் அட்டவணைப் பிரிப்பு எதற்காக என்பது இங்கே விளங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 1.03 கிலோகிராம். ஊர் நிலையம் லிட்டரில் அளந்து, பெறும் ஆலை கிலோகிராமில் நிறுத்தால், 100 லிட்டர் பால் 103 கிலோகிராமாகக் காட்டும். அந்த மூன்று அலகு வேறுபாட்டை நிரல் எங்கே, எவ்வாறு பதிவு செய்கிறது? அது யாருடைய கணக்கில் சேர்கிறது? மின்சாரம் நின்ற வேளையில் தாளில் எழுதிய பதிவு பின்னர் எப்படி ஏறும்? தவறான பதிவைத் திருத்தினால், திருத்தியவர் யார் என்பது தெரியுமா? இவ்வினாக்கள் பாடநூலில் எழுவதில்லை. நிலையத்தில் ஒரு வாரம் அமர்ந்து நோக்கும் மாணவருக்குத் தாமே எழும். இவற்றிற்கு விடை காண்பதே மென்பொருள் நிறுவனங்களில் ‘தேவை ஆய்வு’ எனப்படும் பணி.

இரண்டாம் களம்: திருமலை தரிசனச் சீட்டு

300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இணையவழியே வழங்குகிறது. நாளையும் நேரத்தையும் குறித்துத் தரும் இம்முறையில், சீட்டு வெளியிடப்படும் வேளையில் நாடெங்குமிருந்து பலர் ஒரே சமயத்தில் முயல்கின்றனர். எஞ்சியிருப்பது ஒரே சீட்டு. அதனை இருவர் ஒரே நொடியில் கோருகின்றனர் என்க. ‘இடம் உள்ளதா?’ என்று பார்ப்பது ஒரு செயல். ‘ஓர் இடத்தைக் குறை’ என்பது மற்றொரு செயல். இருவருக்கும் முதற்செயலில் ‘உள்ளது’ என்று விடை கிடைத்துவிட்டால், ஒரே இடம் இருவருக்கு விற்கப்படும். இதைத் தடுக்க அவ்விரு செயல்களையும் பிரிக்கவியலாத ஒரே செயலாக அமைக்க வேண்டும். பணம் சென்று சீட்டு வராமற் போனால் என் செய்வது என்பதும் முன்னரே வகுக்கப்பட வேண்டும்.

இவ்வகை முறைமையை வடிவமைக்க, தரவுத்தளம், வலையமைப்பு, இயக்க முறைமை ஆகிய பாடங்கள் வேண்டும். வரிசையில் நிற்போர் எண்ணிக்கை, ஒரு மணி நேரத்தில் கடப்போர் எண்ணிக்கை, காத்திருக்கும் நேரம் ஆகியவற்றின் தொடர்பை அறியப் புள்ளியியல் வேண்டும். இரயில் முன்பதிவிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் இதே சிக்கல் வேறு உருவில் உள்ளது. ஒன்றைச் செம்மையாகப் புரிந்துகொண்டவர் மற்றவற்றையும் புரிந்துகொள்வார்.

மூன்றாம் களம்: காதங்கி ரேடார்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. அங்குள்ள ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு 5 கோடியே 30 லட்சம் அதிர்வுகள் கொண்ட அலையை, வானை நோக்கி அனுப்புகிறது. காற்றுச் சுழலில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிக மெல்லியது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி நகரும் காற்று, அந்த அலையில் ஏறத்தாழ மூன்றரை ஹெர்ட்ஸ் மாற்றத்தையே உண்டாக்கும். கோடிகளுக்கு நடுவே இச்சிறு மாற்றத்தைப் பிரித்தெடுக்கப் பல துடிப்புகளின் எதிரொலியைக் கூட்டி, ஃபூரியர் மாற்றம் என்னும் கணித முறையைக் கையாளுகின்றனர். கணிதமும் இயற்பியலும் இன்றி இக்களத்தில் நுழைய இயலாது.

பாடப்பிரிவைத் தேர்தல்

மூன்று களங்களும் உயர்வு தாழ்வு உடையன அல்ல. மாணவரின் நாட்டத்திற்கேற்பத் தேர்வு மாறும். கணக்குப் பதிவியல், சரக்கு, ஊதியம், வரி ஆகியவற்றில் ஆர்வமுடையவருக்கு பி.காம். கணிப்பொறிப் பயன்பாடு ஏற்றது. நிறுவன மென்பொருளில் முழுநேரப் பணி நாடுபவருக்கு பி.சி.ஏ. பொருந்தும். தரவு அறிவியல், அறிவியல் கணிப்பு ஆகியவற்றை நாடுபவர், கணிதமும் புள்ளியியலும் அழுத்தமாக உள்ள பி.எஸ்ஸி. படிப்பைத் தேர்தல் நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டப்படுகிறது. இண்டர்மீடியட் வகுப்பில் எந்தத் தொகுதி எடுக்கிறோம் என்பது, பதினாறு வயதில் செய்யப்படும் முடிவாயினும், பின்னாளில் எம்.சி.ஏ. சேர்க்கையைத் தொடும். கணிதப் பின்னணி இல்லாதவர் இணைப்புப் பாடங்கள் படிக்க நேரும். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவன ஆதலின், அவ்வாண்டின் அறிவிக்கையை நேரில் படித்தறிதல் இன்றியமையாதது.

வசதி குறைந்த கல்லூரியில் பயில்வோருக்கும் துணைவாயில்கள் உள்ளன. ஐ.ஐ.டி.கள், இந்திய அறிவியல் நிலையம் ஆகியவற்றின் பாட விரிவுரைகளை ‘என்.பி.டெல்’ கட்டணமின்றித் தருகிறது. 2017இல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளமும் அவ்வாறே. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப்படிப்பில், ஜே.இ.இ. எழுதாதவரும் தகுதித் தேர்வு வழியே சேரலாம்.

ஆண்டுவாரிப் பயிற்சி

முதலாண்டில் ஒரே ஒரு நிரல்மொழியை ஆழமாகக் கற்க வேண்டும். பலவற்றைத் தொட்டுச் செல்வது பயன் தராது. அன்றாடக் கணக்கு ஒன்றையேனும் அம்மொழியில் தாமே எழுதி முடிக்கும் திறன் ஆண்டிறுதிக்குள் வர வேண்டும்.

இரண்டாமாண்டில் தரவுத்தளம், தரவமைப்புகள், வலையமைப்பு ஆகியவற்றைக் கற்பதோடு, ஊரிலுள்ள ஒரு பணியைத் தேர்ந்து நோக்க வேண்டும். பால் நிலையமோ, மாம்பழக் கொள்முதல் மண்டியோ, ஆரம்பச் சுகாதார நிலையமோ, கல்லூரி நூலகமோ எதுவாயினும் தகும். பணி செய்வோரிடம் கேட்டு, நடைமுறையை நான்கைந்து பக்கங்களில் எழுதுவது முதற்படி. தெலுங்கு அல்லது தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர் முதற்குறிப்பைத் தாய்மொழியிலேயே எழுதலாம். சிந்தனை தெளிவானபின் ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம். பணியிடத்தில் ஆவணங்கள் ஆங்கிலத்தில் அமைவதால் இரண்டாம் படியை விட்டுவிடலாகாது.

மூன்றாமாண்டில் அப்பணிக்குரிய மென்பொருளைச் செய்து, உண்மையான பயனாளர் ஒருவரேனும் சில வாரங்கள் பயன்படுத்துமாறு ஒப்படைக்க வேண்டும். அப்போது தோன்றும் குறைகளே சிறந்த ஆசிரியர். நேர்முகத் தேர்வில் பத்துச் சான்றிதழ்களைக் காட்டிலும், “இப்பிழை இவ்வாறு தோன்றியது, இவ்வாறு நீக்கினோம்” என்று விளக்கும் ஆற்றல் மதிக்கப்படும்.

2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், தொடக்கநிலை நிரல்களைத் தாமே எழுதித் தருகின்றன. இதனால் கற்றல் வீண் என்று கருதுவது தவறு. பால் கணக்கிற்கான நிரலை அக்கருவி நொடிகளில் எழுதிவிடும். விலை மாறிய நாளுக்கு முந்தைய கணக்கு என்னவாகும் என்று கேட்கவும், வந்த விடை சரியா என்று சோதிக்கவும் பணியை அறிந்த ஒருவர் வேண்டும். நிரல் எழுதும் வேலை எளிதாகுந்தோறும் பணியை அறியும் வேலையின் மதிப்பு கூடுகிறது.

நிர்வாகத்தின் பொறுப்பு

மாணவர் முயற்சி மட்டும் போதாது. ஆந்திர அரசு 2020–21 முதல் பட்டப்படிப்பில் சமுதாயப் பணித் திட்டத்தையும் உள்ளகப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. நோக்கம் சிறந்தது, ஆனால் பயிற்சியளிக்கும் இடம் இல்லையேல் அது சான்றிதழ் தேடும் சடங்காகிவிடும். மாவட்ட நிர்வாகம், தன் அலுவலகங்களிலும் உள்ளாட்சி நிலையங்களிலும் தீர்வு தேவைப்படும் பணிகளின் பட்டியலை ஆண்டுதோறும் கல்லூரிகளுக்கு அளிக்கலாம். பொதுமக்களின் தனிப்பட்ட விவரங்களை மாணவர் கையில் தராமல், மாதிரித் தரவுகளைக் கொண்டே பயிற்சி நடத்தலாம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது, பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் அதன் வரம்பிற்குள் வந்தனர். வட்டாரத்துத் தொழிற்சாலைகள் இவ்வாய்ப்பைப் பயன்படுத்துமாறு தூண்டுதல் அலுவலர்களின் கடமை.

குப்பத்தின் பட்டறிவு இங்கு நினைவுகூரத்தக்கது. 2002இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் அங்கு ‘ஐ-கம்யூனிட்டி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்களில் தகவல் மையங்கள் அமைந்தன. சுயஉதவிக் குழுப் பெண்கள் சூரிய ஒளியில் இயங்கும் அச்சுக் கருவியையும் மின்னணுப் படக்கருவியையும் கொண்டு, ஊர் ஊராகச் சென்று படம் எடுத்துக் கொடுத்து வருவாய் ஈட்டினர். பட்டம் பெறாத அப்பெண்கள், ஊராரின் தேவை ஒன்றை இனங்கண்டு கருவியை அதற்குப் பொருத்தினர். பயன்பாட்டியலின் சாரம் அதுவே. நிறுவனங்களின் திட்டங்கள் காலவரம்புடையவை. மக்களிடம் தங்கும் திறனே நிலைத்த மூலதனம்.

முடிவுரை

சென்னையும் பெங்களூரும் இவ்வட்டாரத்து இளைஞருக்குப் பணியிடமாகத் திகழ்வது இயல்பே. அதில் குறையேதும் இல்லை. பட்டம் பெற்றபின் அந்நகரங்களுக்கு மீண்டும் மாணவராகச் செல்ல வேண்டிய நிலைதான் மாற வேண்டும். கல்லூரியில் செலவிடும் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே, ஊரின் ஒரு பணியை முற்ற அறிந்து அதற்கொரு தீர்வைச் செய்து முடித்த மாணவர், எந்த நகரத்தின் வாயிலிலும் தொழில் அறிந்தவராகவே நிற்பார். அத்தகைய பயிற்சிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாடத்திட்டத்தில் ஓரிடமும், ஆசிரியரின் மேற்பார்வையும், அலுவலகங்களின் ஒத்துழைப்பும் இருந்தாலே போதுமானது. இவை கிட்டுமாயின், ஏழைக் குடும்பம் ஒன்றின் இரண்டாவது கடன் தேவையற்றதாகும்.